மொகல் தெருவுக்குப் போன ஆச்சிமார் பணம்

ரங்கூனின், அதாவது இன்றைய யாங்கோனின், மொகல் தெருவுக்கு இன்று ஷ்வே பொந்தா தெரு என்று பெயர். போஜியோக் சாலையிலிருந்து தெற்கே ஆற்றங்கரைப் பக்கம் இறங்கும் அந்தத் தெருவில் சூரத்து வணிகர்களின் பெரிய பள்ளிவாசல் இன்றும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்கு முன் அங்கே நடந்து போனவருக்குக் காரைக்குடிப் பேச்சும் தேவகோட்டைப் பேச்சும்தான் காதில் விழுந்திருக்கும். பர்மா முழுவதும் பரவியிருந்த நகரத்தார் (செட்டியார்) வட்டிக்கடைகளுக்குத் தலைமை இடம் அதுவே. என் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, அங்கே ஒரு மார்க்காவில் (கடை நிறுவனத்தில்) ஏஜெண்டாக இருந்தார். அவர் காலமாகி வெகுகாலத்துக்குப் பிறகு, அந்தத் தெருவுக்கு நடந்து போகிற தூரத்தில் நான் வாடகைக்கு வீடு பிடித்துக் குடியிருந்தேன். நான் வேலை பார்த்த கம்பெனி அதன் யாங்கோன் கிளையின் கணக்குகளைக் கவனிக்க என்னை அனுப்பியிருந்தது. எங்கள் வீட்டில் கணக்குப் பார்க்கக் கடல் தாண்டிய முதல் பெண் நான்தான்.

நகரத்தார் பர்மாவுக்குப் போன கதையைப் பணம் சேர்த்த கதையாகவும் பணம் இழந்த கதையாகவும் பலர் எழுதியிருக்கிறார்கள். அந்நிய நகரத்தில் வருஷக்கணக்காகத் தங்கித் தொழில் செய்துவிட்டு ஊர் திரும்புவதை ஒரு சமூகமே சேர்ந்து எப்படி ஏற்பாடு செய்தது, அந்த ஏற்பாட்டுக்கு யார் யார் என்னென்ன கொடுத்தார்கள் என்று பார்க்கவே எனக்கு ஆசை. கணக்கு என் தொழில் என்பதால் அந்தப் பக்கமிருந்தே தொடங்குகிறேன்.

1852-இல் நடந்த இரண்டாம் ஆங்கிலோ-பர்மியப் போரில் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்கு வந்தது. ஐராவதிக் கழிமுகம் அப்போது பெரும்பாலும் சதுப்பும் காடும். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பாவுக்கு அரிசி அனுப்பும் வழி சுருங்கியது, விலை ஏறியது. காட்டை வெட்டி வயலாக்க மேல் பர்மாவிலிருந்து குடியானவர்கள் இறங்கி வந்தார்கள். கையில் மாடு இல்லை, விதை இல்லை, அறுவடை வரை சாப்பிட வழி இல்லை. ரங்கூனில் கடை விரித்திருந்த ஐரோப்பிய வங்கிகள் அவர்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அந்த இடத்தில்தான் செட்டியார் கடை வந்து உட்கார்ந்தது. 1850-களின் தொடக்கத்தில் பத்து லட்சம் ஏக்கருக்கும் குறைவாக இருந்த கீழ் பர்மாவின் நெல் நிலம், 1930 வாக்கில் எண்பது லட்சம் ஏக்கரைத் தாண்டியது. உலகச் சந்தைக்கு அரிசி அனுப்பும் நாடுகளில் பர்மா முதலிடத்தில் நின்றது. 1929-30-இல் அரசு அமைத்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, நகரத்தார் கடைகள் ஏறத்தாழ 1,650 என்றும் அவற்றில் புழங்கிய முதல் சுமார் 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது. இம்பீரியல் வங்கியிலும் ஐரோப்பிய வங்கிகளிலும் வாங்கிய கடன் அதில் ஒரு சிறு பகுதி. பெரும்பகுதி செட்டிநாட்டிலிருந்து போன பணம்.

பணம் போனால் கூடவே ஆள் போக வேண்டும். முதலாளி ஊரில் இருப்பார், ஏஜெண்டு ரங்கூனில் இருப்பார். கடிதம் போய்ப் பதில் வர வாரங்கள் ஆகும். அத்தனை தூரத்தில் இருக்கிறவனை எப்படி நம்புவது? இதற்கு நகரத்தார் கண்ட வழியின் பெயர் சம்பளச்சீட்டு. மூன்று வருஷத்துக்கு இன்ன சம்பளம், அதில் இவ்வளவு முன்பணம், தவணை முடிந்து கணக்கு ஒப்படைத்த பிறகு லாபத்தில் இவ்வளவு என்று எழுதிக்கொள்வார்கள். முதலாளி பெயரில் கடன் கொடுக்கவும் வழக்குப் போடவும் 'பவர்' எழுதிக் கையில் கொடுப்பார்கள். எழுத்துக்குப் பின்னால் எழுதாத பிணை ஒன்றும் இருந்தது. ஏஜெண்டும் முதலாளியும் நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் ஏதோ ஒன்றைச் சேர்ந்த புள்ளிகள், அதாவது அதன் கணக்கில் உள்ள குடும்பத்தார். ரங்கூனில் கை நீட்டியவனுக்கு ஊரில் பெண் கொடுக்க மாட்டார்கள், அவன் வீட்டில் பெண் எடுக்கவும் மாட்டார்கள். போலீசுக்கும் கோர்ட்டுக்கும் போக வேண்டிய அவசியம் அபூர்வமாகவே வந்தது.

இந்த வேலைக்குப் பையன்களைச் சிறு வயதிலேயே தயார் செய்தார்கள். பத்து, பன்னிரண்டு வயதில் கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்வான். கடையைக் கூட்டுவான், ஏவின வேலை செய்வான், நாணயம் எண்ணுவான். இரவில் எண்சுவடி ஒப்பிக்க வேண்டும். முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, மா என்றால் இருபதில் ஒன்று. இந்தப் பின்னங்களை ஒன்றோடொன்று பெருக்கி மனதிலேயே வட்டி போடத் தெரிந்தால் அடுத்தாள் ஆகலாம். பிறகு மேலாள், பிறகு ஏஜெண்டு. போதிய பணம் சேர்ந்ததும் தன் விலாசம் போட்டுத் தனிக்கடை வைப்பதே ஒவ்வொருவருடைய கனவும். என் ஐயா 1931-இல் அடுத்தாளாக முதல் கப்பல் ஏறினார். கால்குலேட்டரில் நான் போட்ட கூட்டு வட்டியை அவர் திண்ணையில் சாய்ந்தபடி, கண்ணை மூடிக்கொண்டு எனக்கு முன்பாகச் சொன்னதை நேரில் கேட்டிருக்கிறேன்.

சென்னையிலிருந்து ரங்கூனுக்குக் கப்பலில் நாலைந்து நாள். இறங்கியதும் நேராகக் கிட்டங்கி. ஒரு நீண்ட கூடம். அதில் பல மார்க்காக்கள். ஒவ்வொன்றுக்கும் தரையில் ஓர் இடம், ஒரு பாய், காலை மடக்கி உட்கார்ந்து எழுதும்படி ஒரு தாழ்ந்த சாய்வு மேசை, பின்னால் ஓர் அலமாரி, ஓர் இரும்புப் பெட்டி. காலையில் குளித்துத் திருநீறு பூசி வந்து உட்கார்ந்தால் அதுதான் ஆபீஸ். இரவில் மேசையை ஓரம் தள்ளிப் பாயை நீட்டினால் அதுதான் படுக்கை. பொதுச் சமையற்கட்டு உண்டு, ஊரிலிருந்தே வந்த சமையலாள் உண்டு. வற்றலும் வடகமும் ஊறுகாயும் ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்களோடு வரும். அந்தக் காலத்து ரங்கூனில் தமிழுக்கும் குறைவில்லை. ஏ.கே. செட்டியார் ஆசிரியராக இருந்த 'தனவணிகன்' அங்கிருந்துதான் வெளிவந்தது. வெ. சாமிநாத சர்மா அங்கேதான் 'ஜோதி' நடத்தினார். 1931 மக்கள்தொகைக் கணக்கின்படி ரங்கூனில் இருந்த சுமார் நான்கு லட்சம் பேரில் பாதிக்கும் மேல் இந்தியர்கள். துறைமுகத்தில் தெலுங்குக் கூலிகள், கடைவீதியில் குஜராத்திகள், அலுவலகங்களில் வங்காளிகள் என்று அது பர்மிய மண்ணில் எழுந்த ஓர் இந்திய நகரமாகவே இருந்தது.

தொழிலின் மூளை இருந்த இடம் கோயில். மாதம் ஒருமுறை கடைக்காரர்கள் முருகன் சந்நிதியில் கூடி, அந்த மாதத்துக்கு நகரத்தார் தங்களுக்குள் கொடுத்து வாங்கும் நடப்பு வட்டியையும் தவணை வட்டியையும் பேசி முடிப்பார்கள். ரங்கூனில் சொன்ன வட்டி கழிமுகத்தின் கடைசிக் கிராமத்துக் கடை வரை செல்லும். வரவில் ஒரு துளி கோயிலுக்கு மகமையாகப் போய்ச் சேரும். அந்த மகமைப் பணமும் சும்மா கிடக்காது. சாமி பெயரில் பேரேட்டில் பற்று வரவு வைத்து வட்டிக்கு விடுவார்கள். தணிக்கைக்காரியாக நான் பல கம்பெனிகளின் புத்தகங்களைப் புரட்டியிருக்கிறேன். ஒரு நகரத்தில் அத்தனை போட்டிக் கடைகள் இருந்தும் இவ்வளவு ஒழுங்காகத் தங்களுக்குள் கடன் கொடுத்து வாங்கிய ஏற்பாட்டை வேறெங்கும் கண்டதில்லை.

இந்த ஏற்பாட்டில் பெண்களுக்கு இடமில்லை. மனைவியை அழைத்துப் போவது வழக்கமில்லை. கிட்டங்கியின் பாயில் குடும்பம் நடத்த முடியாது என்பது ஒரு காரணம். குடும்பம் ஊரில் இருந்தால் ஆள் திரும்பி வந்தே ஆவான் என்பது அதைவிடப் பெரிய காரணம். ஐயா மூன்று தவணை போனார். பெரியப்பச்சிக்கும் (பெரியப்பாவுக்கும்) என் அப்பச்சிக்கும் (அப்பாவுக்கும்) நான்கு வயது இடைவெளி, அப்பச்சிக்கும் அத்தைக்கும் நான்கு வயது இடைவெளி. எங்கள் ஊர் வீடுகளில் அண்ணன் தம்பி வயதை வைத்தே அப்பா எப்போது கப்பலில் போனார், எப்போது திரும்பினார் என்று சொல்லிவிடலாம்.

அப்பத்தாவுக்குக் கல்யாணம் ஆகும்போது பதினாலு வயது. பெரியப்பச்சி வயிற்றில் இருந்தபோது ஐயா இரண்டாம் தவணைக்குப் புறப்பட்டார். திரும்பி வந்து பார்த்தபோது பிள்ளை ஓடிக்கொண்டிருந்தான், அப்பாவைப் பார்த்துப் பயந்து தூணுக்குப் பின்னால் ஒளிந்தான். அந்த வருஷங்களில் வீட்டை நடத்தியவள் அப்பத்தா. நகரத்தார் வீட்டில் கல்யாணமான மகனை வேறு வைத்துவிடுவார்கள். ஒரே வளவு, தனி அடுப்பு, தனிக் கணக்கு. குத்தகை நெல் வந்ததா, கோயில் புள்ளிவரி கட்டியாயிற்றா, பங்காளி வீட்டு விசேஷத்துக்கு என்ன முறை செய்ய வேண்டும், போன முறை அவர்கள் நமக்கு என்ன செய்தார்கள் என்று எல்லாவற்றையும் அவள் எழுதி வைத்தாள். "அவுக ரெங்கோன்ல உக்காந்து எழுதுனாக, நான் இங்க உக்காந்து எழுதுனேன். ரெண்டு கணக்கும் தப்பாம இருந்துச்சு" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள்.

அவள் எழுதிய கணக்கில் ஒரு வரி என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அவளுடைய சீதனப் பணம் ஐயாவின் முதலாளி கடையில் அவள் பெயரில் போட்டு வைக்கப்பட்டிருந்தது. ஆச்சிமார் பணம் என்பார்கள். வட்டியை வட்டியாக எடுக்காமல் முதலோடு சேர்த்து, மகள் கல்யாணத்துக்கு எடுப்பது முறை. ஊர் ஊராக, வீடு வீடாகப் பெண்களின் இந்தப் பணம் கடைகளில் சேர்ந்து, உண்டியல் என்ற பணச்சீட்டாக மாறிக் கடல் தாண்டி, மொகல் தெருவில் இரும்புப் பெட்டிக்குள் போய், அங்கிருந்து ஐராவதிக் கழிமுகத்தில் ஏதோ ஒரு குடியானவனுக்கு மாடாகவும் விதையாகவும் ஆனது. ஆச்சிமாரில் பெரும்பாலோர் ரங்கூனைப் பார்க்கவில்லை. அவர்களுடைய பணம் அங்கே வேலை பார்த்தது. நகரத்தாரின் அந்நிய வாசத்தைத் தாங்கிய மூலதனத்தில் பெண்களின் சீதனமும் இருந்தது, அவர்கள் தனியாகக் கழித்த வருஷங்களும் இருந்தன. சீதனத்துக்குப் பேரேட்டில் பக்கம் ஒதுக்கினார்கள். வருஷங்களை யாரும் எழுதி வைக்கவில்லை. வரலாறு எழுதுகிறவர்களாவது அதை எழுத வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இந்த ஏற்பாடு விட்டுவிட்ட இன்னொரு பக்கமும் உண்டு. அது பர்மியர்கள். ஏஜெண்டு தொழிலுக்கு வேண்டிய அளவு பர்மிய மொழி கற்றார், கடன் கேட்டு வந்தவனின் வயலையும் வாயையும் எடை போடத் தெரிந்துகொண்டார். சாப்பாடு, கோயில், நட்பு எல்லாமே கிட்டங்கிக்குள் முடிந்தன. மூன்று வருஷத்தில் அவர் போய்விடுவார், அடுத்தவர் வருவார். கடன் வாங்கியவருக்கு மார்க்காதான் தெரியும், மனிதரைத் தெரியாது. நல்ல காலத்தில் இது யாரையும் உறுத்தவில்லை. உள்ளூர் வட்டிக்காரர்களைவிடச் செட்டியார் வட்டி பொதுவாகக் குறைவு என்பதால் மக்கள் வந்துகொண்டேயிருந்தார்கள்.

1930-இல் உலகப் பொருளாதாரம் சரிந்தது, நெல் விலை பாதிக்கும் கீழே போனது. கடனைக் கட்ட முடியாதவர்களின் நிலம் அடமானத்திலிருந்து கைமாறத் தொடங்கியது. கீழ் பர்மாவின் பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் நகரத்தார் கையில் இருந்த நிலம் ஏறத்தாழ 6 சதவீதம். 1937-இல் அது 25 சதவீதம். செட்டியார்களுக்கும் நிலம் வேண்டியிருக்கவில்லை, அவர்களுக்கு வேண்டியது ரொக்கம். வாங்க ஆளில்லாத நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நிலத்தை இழந்தவனுக்கு இந்த விளக்கமெல்லாம் எதற்கு? 1930 மே மாதம் ரங்கூனில் துறைமுகத் தொழிலாளர் தகராறு இந்தியருக்கு எதிரான கலவரமாக வெடித்தது. அதே ஆண்டு டிசம்பரில் தாராவதி மாவட்டத்தில் சாயா சான் தலைமையில் குடியானவர் கிளர்ச்சி தொடங்கியது. 1937-இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. 1938-இல் மறுபடி கலவரம்.

யாங்கோன் அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்த ஒரு பெண் ஐராவதிக் கழிமுகத்தில் பியாப்பொன் பக்கத்தவர். என் குடும்பத்துக் கதையை ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, தன் பாட்டியின் அப்பாவுக்கு வயல் இருந்ததாகவும், அது செட்டியார் கடைக்குப் போய்விட்டதாகவும், அதற்குப் பிறகு தன் சொந்த வயலிலேயே அவர் குத்தகைக்கு உழுததாகவும் சொன்னார். குரலில் கோபம் இல்லை, பாட்டி சொன்னதை அப்படியே சொன்னார். ஊரில் எங்கள் வீட்டு முகப்பில் நிற்கும் பர்மாத் தேக்குத் தூண்களை அன்று நினைத்துக்கொண்டேன். இரண்டு வீட்டுக் கதையும் ஒரே கடன் பத்திரத்தின் இரு பக்கங்கள். எங்கள் வீட்டில் ஒரு பக்கத்தைத்தான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். அன்று முதல் அவரிடமே பர்மிய மொழி கற்கத் தொடங்கினேன். எண்களிலிருந்து ஆரம்பித்தோம்.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் மீது குண்டு போட்டன. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் தப்பினார்கள். மற்றவர்கள் நடந்தார்கள். இந்தியாவை நோக்கிப் புறப்பட்ட ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரில் பல்லாயிரம் பேர் காலராவிலும் பசியிலும் வழியிலேயே இறந்தார்கள். மணிப்பூர் வழியாகச் சிலர், அரக்கான் மலை தாண்டிச் சிலர். சாமிநாத சர்மாவும் அப்படி நடந்து வந்தவர்தான், பிறகு அந்தப் பயணத்தைத் தனி நூலாகவே எழுதினார்.

ஐயா அரக்கான் வழியாக வந்தவர். புரோம் நகரம் வரை போய், ஐராவதி ஆற்றைக் கடந்து, தவுங்குப் கணவாயில் ஏறி, கடற்கரைக்கு இறங்கி, படகில் அக்யாபுக்கும் பிறகு சிட்டகாங்குக்கும் வந்து சேர்ந்தார். புரோமில் காய்ச்சலோடு படுத்துவிட்டவரை ஒரு பர்மிய நெல் தரகர் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார். காய்ச்சல் விட்டதும் அரிசியும் கருவாடும் கட்டிக் கொடுத்தார். ஐயா கருவாடு தொடாதவர் என்று தெரிந்து, கூட வருகிறவர்களுக்குக் கொடுத்து வேறு ஏதாவது வாங்கிக்கொள்ளச் சொன்னாராம். மலையடிவாரம் வரை தன் மாட்டு வண்டியையும் அனுப்பி வைத்தார். அந்தத் தரகர் வீட்டுக்கு ஐயா தொழில் இல்லாத நாட்களிலும் போய் வந்திருக்கிறார், அவர் மகனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். கிட்டங்கி வழக்கத்துக்கு அது கொஞ்சம் மாறானது, மேலாள் கடிந்துகொண்டதும் உண்டாம். மூன்று தவணையில் கிட்டங்கிக்கு வெளியே ஐயா சம்பாதித்த ஒரே உறவு அதுதான்.

யுத்தம் முடிந்து 1948 ஜனவரியில் பர்மா சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு நிலத்தை அரசுடைமையாக்கும் சட்டம் வந்தது. இழப்பீடு என்று கைக்கு வந்தது சொற்பம். 1962-இல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். வங்கிகளும் கடைகளும் அரசுடைமை ஆயின. 1964 மே மாதம் ஐம்பது, நூறு கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். மூன்று லட்சம் அளவில் இந்தியர்கள் வெளியேறினார்கள். சென்னையின் பர்மா பஜாரும், பல ஊர்களில் இருக்கும் பர்மா காலனிகளும், மணிப்பூர் எல்லையில் மோரேயின் தமிழர் குடியிருப்பும் அந்த அலையில் உருவானவை. அப்பத்தாவின் ஆச்சிமார் பணம் அதற்கு முன்பே போயிருந்தது. முதலாளி கடை கணக்கு முடித்தபோது அவளுக்குக் கிடைத்தது மிகச் சிறிய தொகை. அத்தையின் கல்யாணத்துக்குத் தன் கழுத்திருவை (கல்யாணத் தாலி நகையை) அழித்தாள்.

எல்லோரும் திரும்பிவிடவில்லை. கழிமுகத்தில் கூலிக்கு உழப் போய் அங்கேயே ஊன்றியவர்களின் பேரன் பேத்திகள் இன்றும் பர்மாவில் இருக்கிறார்கள். யாங்கோனில் அனவ்ரத்தா சாலைக் காளி கோயிலுக்கு வெள்ளிக்கிழமைகளில் போவேன். கன்னத்தில் தனகா பூசி, லுங்கி கட்டி, தலையில் பூ வைத்த பெண்கள் வருவார்கள். வீட்டில் தமிழ்ப் பெயர், வெளியில் பர்மியப் பெயர். அவர்களுடைய தமிழில் பர்மிய இழுப்பு இருக்கும். குடியுரிமைக்கும் பள்ளிச் சேர்க்கைக்கும் அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பணம் பெரிதாகச் சேர்க்காதவர்கள், கிட்டங்கியின் பாதுகாப்பு இல்லாதவர்கள். அந்த மண்ணில் வேர் விட்டது அவர்கள்தான்.

இன்று வேலைக்காக வெளிநாட்டுப் பெருநகரங்களுக்குப் போகிறவர்களுக்கு ஏறத்தாழ அதே தவணைதான். இரண்டு வருஷம், மூன்று வருஷம், புதுப்பித்தால் இன்னொன்று. கிட்டங்கியின் இடத்தில் நம் ஊர்க்காரர் நிறைந்த அடுக்ககம், உண்டியலின் இடத்தில் கைபேசிச் செயலி. நகரத்தார் கட்டிய ஒழுங்கில் கற்க நிறைய இருக்கிறது. தனியாக வருகிறவனை ஏந்திக்கொள்ள ஒரு கூடம், சண்டையைத் தீர்க்க ஒரு கோயில், தப்பாத கணக்கு, திரும்பி வர ஒரு வீடு. அந்நிய ஊரில் பையன்கள் கெட்டுப்போகாமல் இருந்ததற்கு இவைதான் காரணம். ஆனால் அந்த ஏற்பாடு இரண்டு பேரை வெளியே நிறுத்தியது. வீட்டில் இருந்த பெண்ணையும், போன ஊரில் இருந்த மனிதரையும். கடைசியில் எல்லாம் போனபோது ஐயாவைக் காப்பாற்றியது அந்த இரண்டு பக்கமும்தான். புரோம் தரகர் அவரை உயிரோடு அனுப்பினார், அப்பத்தா அவரை மறுபடி நிமிர்த்தினாள்.

என் கணவரும் மகளும் என்னோடு யாங்கோனுக்கு வந்தார்கள். மகள் தெருப் பிள்ளைகளோடு விளையாடி என்னைவிடச் சீக்கிரம் பர்மிய மொழி பேசினாள். இப்போது தெரிந்த பிள்ளைகள் யாராவது வெளிநாட்டு வேலை என்று வந்து யோசனை கேட்டால், சம்பளத்தையும் வாடகையையும் பேசி முடித்த பிறகு இரண்டு விஷயம் சொல்கிறேன். முடிந்தால் குடும்பத்தோடு போங்கள். போன முதல் மாதத்திலேயே அந்த ஊர்க்காரர் ஒருவர் வீட்டில் கை நனையுங்கள், அவரை உங்கள் வீட்டுக்கும் அழையுங்கள். ஊருக்குப் பணம் அனுப்பும் வழி யாருக்கும் தானாகவே தெரிந்துவிடும். இந்த இரண்டுக்கும்தான் முயற்சி வேண்டும், அவற்றைத் தள்ளிப் போட்டால் தவணை முடிந்துவிடும்.